புல்லைத் துவைத்துப் பார்த்த கதை

துணியை விரலால் தடவியே அதன் எடையைச் சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைக் கட்டி மேய்ப்பவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் துணி தெரிந்தவளுக்கு மண்ணும் தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் மானம் போனது.

எல்லாம் கோபத்தில் ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகள் சௌமியா பள்ளியின் பெண்கள் ஐவர் கால்பந்து அணியில் இருந்தாள். அணி என்று பெயர்தான், ஆட இடம் கிடையாது. இருக்கிற ஒரே மைதானத்தில் காலையிலும் பையன்கள், மாலையிலும் பையன்கள். பயிற்சி இல்லாத அணியை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்று தலைமையாசிரியர் வேறு சொல்லிவிட்டார். (இடம் கொடுக்காத மனுஷனே இதைச் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?) பி.டி. மிஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நியாயமான மனுஷி. "எங்கயாவது ஒரு முழு மேட்ச் ஆடிக் காட்டுங்கட்டி, பேரை நான் அனுப்ப வைக்கேன்" என்றாராம்.

சௌமியா அழுதுகொண்டே வந்து சொன்னதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம ஊட்டுக்குப் பின்னால எடம் சும்மாதான கெடக்குது? புல்தரை போட்டே தீருவேன்" என்றேன். எங்கள் வீடு அவிநாசிபாளையத்தில். பின்னால் இருந்தது சுத்தக் களிமண்.

செயற்கைப் புல் போடுகிறவர் வந்து மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அக்கா, இது மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். ஒரு அடி மண்ண வழிச்சுப்போட்டு, ஜல்லியும் கிரஷர் தூளும் கொட்டி ரோலர் ஓட்டோணுங்க. தண்ணி போறதுக்கு வழி பண்ணோணுங்க. அப்பறந்தானுங்க புல்லு."

"ஏனுங்க, நான் புல்லுதான கேட்டேன்? கெணறா வெட்டச் சொன்னேன்?"

"உங்க இஷ்டங்க்கா" என்று புல் சுருள்களை இறக்கிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் என் வேலையைக் காட்டினேன். உள்ளங்கை அளவு புல்லை வெட்டி எடை போட்டேன். இழுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் வெள்ளைப் பனியனோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு மூன்று முறை துவைத்தேன். பனியன் வெள்ளையாகவே வந்தது. சாயம் போகாத புல்! பாஸ் என்று நானே சொல்லி நானே பூரித்துப்போனேன்.

பிள்ளைகள் விழுந்தால் அடிபடக்கூடாதே என்று அடியில் கட்டிங் வேஸ்டைப் பரப்ப முடிவு செய்தேன். துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள்தான். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வேஸ்ட் குடோன் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து என் வீட்டுக்காரர் மினி லாரி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். நான் கம்பெனியில் இருந்தபோதே பரப்பி, மேலே புல்லை விரித்து, ஓரத்தில் ஆணியும் அடித்துவிட்டார். நடந்து பார்த்தேன். மெத்தைதான். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு நடக்கவிட்டேன்.

மேட்ச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை ஊற்றித் தள்ளியது. காலையில் பார்த்தால் பளிச்சென்று வெயில், புல் கழுவி வைத்த மாதிரி. மிஸ் பேசி வைத்திருந்த வேறொரு பள்ளி அணி வேனில் வந்து இறங்கியது. மிஸ் விசில் ஊதினார்.

பந்து உருளவில்லை. உதைத்தால் 'சொத்' என்று உட்கார்ந்துகொண்டது. வேஸ்ட் மழையை முழுக்கக் குடித்திருந்தது, களிமண் அதைக் கீழே வடியவிடவில்லை. நடுவில் தரை பூரி மாதிரி உப்பியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் புல் சுருள்களின் இணைப்பு வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. அதுவும் சிவப்புத் தண்ணீர்!

எங்கள் கோல்கீப்பர் ஜெசி பாய்ந்து விழுந்து எழுந்தாள். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. வேடிக்கை பார்க்க வந்திருந்த அவள் அம்மா, "ஏ யம்மா! எம்புள்ளைக்கு ரத்தம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

"எம்மா, ரத்தம் இல்லம்மா. சாயம்!" என்று கத்தினாள் ஜெசி.

அதற்குள் ஓர் இணைப்பு பிரிந்து சிவப்புத் துணி ஒன்று வெளியே தலைநீட்டியது. பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டு அதில் தொங்கியது. என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி ஊருக்கே கேட்கும்படி படித்தார்: "'சாயம் போகிறது, ரிஜெக்ட்.' ஏம்புள்ள, இது உன்ற கையெழுத்துத்தான?"

என் கையெழுத்தேதான். போன மாதம் நான் சண்டை போட்டு ரிஜெக்ட் செய்த சரக்கு, வேஸ்டாக குடோனுக்குப் போய் என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. புல்லை மூன்று முறை துவைத்தவள், அடியில் போட்டது என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. (கொண்டுவந்த மனுஷனாவது சொல்லியிருக்கலாம்! இதைச் சொன்னால் "நீ கேக்கலியே" என்கிறார் இன்றுவரை.)

"இதுல எப்படிங்க ஆடறது? நாங்க கெளம்பறோங்க" என்றார் எதிரணி ஆசிரியர். மேட்ச் இல்லையென்றால் பெயர் போகாது. சௌமியாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த நிமிடம் என்மேல் வந்த கோபம் தலைமையாசிரியர்மேல்கூட வந்ததில்லை.

"ஏய், அந்த மூலையப் புடிங்கடி!"

கத்தியது சௌமியாதான். ஐந்து பேரும் ஆணியோடு புல்லைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். எதிரணிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வேஸ்டை இழுக்க வந்துவிட்டார்கள். அடியில் கணுக்கால் வரை சேறு. அதில் ஆடினார்கள், முழு மேட்ச். விழுந்தார்கள், எழுந்தார்கள், யார் எந்த அணி என்றே தெரியவில்லை. கடைசியில் எங்கள் பிள்ளைகள் ஒரு கோலில் தோற்றார்கள்.

"தோத்தா என்ன? முழு மேட்ச் ஆடியாச்சுல்லா? பேர் போவுது!" என்றார் மிஸ். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் அதே புல்காரரைக் கூப்பிட்டு, மன்னிப்பும் கேட்டு, ஜல்லி, ரோலர், எல்லாம் அவர் சொன்னபடியே என்றேன். பிள்ளைகள் குறுக்கே வந்து நின்றார்கள். "வேண்டாங்க ஆன்ட்டி! சேத்துல ஓடிப் பழகுனா மத்த எடத்துல பறக்கலாம்னு மிஸ் சொன்னாங்க."

இப்போது சனிக்கிழமை ஆனால் போதும், படையாக வந்து நிற்கிறார்கள். "ஆன்ட்டி, தர காஞ்சு கெடக்குதுங்க. கொஞ்சம் சேறு பண்ணிக் குடுங்க." நானும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வெறும் களிமண்ணை நனைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து எந்த விருந்தாளி வந்தாலும் என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து காட்டுவார்.

"பாருங்க, எங்க ஊட்டம்மா புல்லுக்குத் தண்ணி உட்டுட்டு இருக்கறா."