வலப்பக்கச் சூட்டுப்பெட்டி

ராய்ட்லிங்கன்,
ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் லோதார் அவர்களுக்கு,

வென்டெலின் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் முழங்கால் வலியும் இருக்கிறோம். அவ்விடம் தங்கள் இரத்த அழுத்தம் அடங்கியிருக்க வேண்டுகிறேன். தங்கள் அக்கா ரோஸ்விதா முதியோர் இல்லத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னை மட்டும் அடையாளம் தெரியவில்லை. மற்றபடி சௌக்கியம்.

பத்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் தவறாமல் “அந்த வண்டிய எனக்குக் குடுத்துடுங்க அத்தான்” என்று கேட்டு வருகிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வாருங்கள். கிழவனுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம் என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஜூனில் ஒரு நாள் இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும், மூன்று மாதமாக நாற்காலியை விட்டு எழாத உங்கள் அக்கா தானே எழுந்து ஜன்னலுக்கு வந்து “எங்க வண்டி!” என்றாளாம். செவிலி மிர்யானா சொன்னாள். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். என்னைப் பார்த்து, “குழாய் ரிப்பேருக்கா வந்தீங்க?” என்றாள். போகட்டும், வண்டியையாவது தெரிகிறதே! ஜனவரியில் ஊராக் அருவி உறைந்ததும் இவளைக் கூட்டிப்போகிறேன், கல்யாணமானதிலிருந்து நாங்கள் போகாத ஜனவரி இல்லை என்று மிர்யானாவிடம் கெஞ்சினேன். அவளோ, “நெஞ்சுச் சளிக்காரங்க ஐயா இவங்க. வண்டிக்குள்ள அடுப்பாட்டம் சூடு இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சூடாம்! நம்ம வண்டியிலயாம்! இந்த எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, காற்று என்பது தங்களுக்குத் தெரியும். புகைக்குழாயைச் சுற்றி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு தகரப் பெட்டிகள். அதற்குள் புகுந்து சூடாகிற காற்றுதான் நம் காலுக்கு வர வேண்டும். இரண்டும் துருவேறி ஓட்டையாகி, சூட்டோடு புகையும் உள்ளே வரும் என்று நான் அடைத்துவைத்து இருபது வருஷம். “அடுத்த குளிருக்குள்ள மாத்திடறேன் ரோசி” என்று இருபது தடவை சொல்லியும் இருக்கிறேன்.

புதிதாகச் செய்கிறவர்கள் நம் வண்டி வந்த வருஷத்து மாடலுக்குச் செய்வதில்லையாம். பழசைத் தேடி அலைந்தேன். ‘லேசான துரு’ என்று விளம்பரம் போட்டவன் அனுப்பியதைப் பிரித்தால், மாவு சலிக்கலாம் போலிருந்தது. மான்ஹைம் பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடி, நல்ல கனம், துருவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால் இரண்டுமே இடப்பக்கம். போன் போட்டேன். “திருப்பி மாட்டிப் பாருங்க பெரியவரே, வலது ஆயிடும்” என்கிறான். “உன் இடது காலத் திருப்பி மாட்டினா வலது கால் ஆயிடுமாடா?”ன்னு கேட்டேன். வச்சுட்டான். கடைசியில் ஆல்காய்ப் பக்கம் க்ரெசென்ஸ் என்ற பண்ணைக்காரம்மாவிடம், செத்துப்போன அவள் தம்பியின் சாமான்களில் ஒரு வலது பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு இருநூறு கிலோமீட்டர் போனேன் மாப்ளே. அது கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது! “எடுத்துட்டா நரி பூந்துடும், தர மாட்டேன்” என்று கையை விரித்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோன இடது பெட்டிகளில் ஒன்றை நான் வெளியே எடுத்ததும், தூக்கிப் பார்த்தாள். “கனம் சரியாத்தான் இருக்கு. கதவுக்கு ஏது இடதும் வலதும்? இத வச்சுட்டு அத எடுத்துக்கோ” என்றாள். அந்தம்மாள் கையை முத்தமிட்டுவிட்டு வந்தேன், கையில் கோழிச் சாணி இருந்ததையும் பொருட்படுத்தாமல்.

பதினோரு நாள் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து மாட்டினேன். அருவி உறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மிர்யானா தன் கையை உள்ளே நீட்டிப் பார்த்து, “அடேயப்பா, ரொட்டியே சுடலாம்” என்று அனுமதி கொடுத்தாள். போனோம். பாதி வழியில் உங்கள் அக்கா கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். பிறகு மிக மரியாதையாக, “டிரைவர், சூட்டக் கொஞ்சம் கொறைக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரு வண்டி இப்படிக் கொதிக்காது” என்றாள்.

நான், “உங்க வீட்டுக்காரரு வண்டி எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டேன்.

“குளிருன்னா குளிரு, அப்படி ஒரு குளிரு! பல்லு கிட்டிக்கும். சரி பண்றேன்னு வருசா வருசம் புளுகுவாரு. ஆனா என் கையப் புடிச்சுத் தன் கோட்டுப் பையில வச்சுக்கிட்டு ஒத்தக் கையால ஓட்டுவாரு பாருங்க…” என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தேன். முன்பின் தெரியாத பெண்ணின் கையை டிரைவர் தொடலாமா?

அருவி கண்ணாடி மாதிரி நின்றது. அதைப் பார்க்காமல், “அவரு இன்னிக்கு வருவாரா?”ன்னு கேட்டா. அவள் மனசில் நான் மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் குளிர்தான். ஏழு மாதம் ஊர் ஊராக அலைந்து அதையும் நானே ரிப்பேர் பண்ணிட்டேன்.

ஆகவே வண்டி எனக்கு வேண்டாம், அதன் சூடும் வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். பத்திரங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கமும், பேரக் குழந்தைகளுக்கு என் ஆசியும். எல்லோருக்கும் கால் சூடாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன் (அவளைக் கேட்காதீர்கள்),
வென்டெலின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மிர்யானா போன் செய்தாள். காலையிலிருந்து உங்கள் அக்கா கோட்டு போட்டு, தலை வாரி, கைப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளாம். “அந்த டிரைவரு மறுபடி எப்ப வருவாரு? நல்ல மனுசன். நான் எங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசப் பேசக் கேட்டுக்கிட்டே வந்தாரு. பாவம், அவருக்கு யாருமில்ல போல, அழுதுக்கிட்டே ஓட்டினாரு” என்றாளாம். சனிக்கிழமை வராதீர்கள், மாப்ளே. வண்டிக்குச் சவாரி இருக்கிறது.