ஹேரியட்டின் அப்பாவும் நானும்

அல் கூஸ் கேம்ப், துபாய்
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் கோபாலசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் பாலகுரு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும் முருகனை வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் தாங்கள் பேசினால் எனக்குச் 'சரி மச்சான்' என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. இருபத்தாறு வருடமாக இதே கதைதான். அதனால் லீவில் ஊருக்கு வரும் எங்கள் கேம்ப் ராஜி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சான், நான் ஆடிப்போய் இருக்கிறேன். என் மகள் இளவேனில் எம்.ஏ. வரலாற்றுக்கு எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையை, எனக்குக் கண் சரியில்லை என்று, வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புகிறாள். என் ஹெட்போன் கெட்டுவிட்டதால் சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் வினை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்கத் தலைநகரில் ஹேரியட் என்று ஒரு பெண்ணாம். அம்மா இல்லை. அப்பா அரசியல்வாதி, ஜனாதிபதி நாற்காலி மேல் கண். பதினேழு வயதிலிருந்து வீட்டு விருந்துகளில் வாசலில் நின்று வரவேற்பது இவள்தான். யார் எந்த மாகாணம், யார் மனைவிக்கு என்ன வியாதி, எல்லாம் மனப்பாடம். அவளைக் கட்டிக்கொள்ள ஒரு ஜெனரல், ஒரு பத்திரிகை முதலாளி, அவள் அப்பாவைவிட இரண்டு வயது மூத்த ஒரு மில் முதலாளி என்று வரிசை நின்றது. அவள் மனசோ ஒரு தபால் இலாகா குமாஸ்தாவிடம். பஸ்ஸே குமாஸ்தா பக்கம். என் ரூம் ராமையா மட்டும் ஜெனரல் கட்சி. அதனால் இரண்டு நாள் மெஸ்ஸில் யாரும் அவனுக்குக் குழம்பு ஊற்றவில்லை.

குமாஸ்தாவால் ஓட்டு வராது என்று அப்பா அவனைத் துரத்திவிட்டார். மில் முதலாளியால் வருமாம். அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். கேட்டுக்கொண்டே ஓட்டிய டிரைவர் ரிபாய் பாய் எங்கள் சைட் கேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய்விட்டார், ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் அப்பாவும் தோற்று, மில்லும் மூழ்கி, அவள் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாளாம்.

"அவன்லாம் ஒரு அப்பனா பாய்?" என்றான் ராமையா. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை, நம்ம ஊர்ல சீட்டுக்காகப் பொண்ணக் குடுக்கிற ஆளு கெடையாதுண்ணே" என்றான்.

தாங்கள் கவுன்சிலருக்கு நிற்க ஒன்றியச் செயலாளரிடம் சீட் கேட்டு, அதற்காக அவர் மகனுக்கு இளவேனிலைப் பேசி, நான் 'சரி மச்சான்' சொன்னது போன மாதம்தானே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது பேர் திட்டிய அப்பன் நான்தான் என்று யாருக்கும் தெரியாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தாய்மாமனுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கல்யாணம் வேண்டாம் மச்சான். தாங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். என் மகளுக்குப் பியானோகூடத் தெரியாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
முதல்முறையாகத் தங்கள் பேச்சை மீறும்
பாலகுரு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது இளவேனில் போன் செய்தாள். நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். காலையில் அவளே செயலாளர் வீட்டுக்குப் போய், "கல்யாணம் வேணாம் சார், சீட்ட மட்டும் எனக்குக் குடுங்க" என்று கேட்டாளாம். நிறுத்த வேறு பெண் வேட்பாளர் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் கொடுத்துவிட்டாராம். "ஓட்டுக் கேக்கப் போறப்போ மாமாவ வாசல்ல நின்னு எல்லாரையும் கும்பிடச் சொல்லுங்கப்பா" என்றாள். நான் "சரிம்மா" என்றேன்.