பின்பக்கம் பருத்த கம்ப்யூட்டர்

"இம்புட்டு ஒல்லியா இருக்கே, சார்" என்று உதட்டைப் பிதுக்கினாள் காளீஸ்வரி.

ஏதோ பெண் பார்க்க வந்த இடத்தில் குறை சொல்வது போலிருந்தது. ஆனால் மரியப்பன் வேனிலிருந்து இறக்கி வைத்திருந்தது ஆறு கம்ப்யூட்டர்கள். காரைக்குடியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி கழித்துப்போட்டவை. நெற்குப்பையில் காளீஸ்வரியின் மகளிர் குழு நடத்தும் இலவச டியூஷனுக்கு நன்கொடை.

"ஒல்லியா இருந்தாத்தானம்மா நல்லது?"

"பின்னாடி பானை கணக்கா புடைச்சுக்கிட்டு இருக்குமே, அது இல்லையா சார்?"

மரியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழசையெல்லாம் இரும்புக் கடைக்கு எடைக்குப் போடச் சொன்ன முதலாளியிடம், "ஏழைப் பிள்ளைக படிக்கும் சார், நான் பொறுப்பு" என்று முப்பது வருஷ சர்வீஸில் முதன்முறையாக எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமைக்குள் பிள்ளைகள் படிக்கும் போட்டோ முதலாளி மேசைக்குப் போயாக வேண்டும். போகவில்லையென்றால் மரியப்பனின் மானம் கப்பலேறிவிடும்.

சரி, வாங்குகிறவர்கள் இஷ்டம். ஆறையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். கம்பெனி ஸ்டோர் ரூமில் ஒட்டடைக்கு நடுவே பருத்த கம்ப்யூட்டர்கள் ஆறு, மஞ்சள் பூத்துக் கிடந்தன. நன்கொடை என்றால் பளிச்சென்று கொடுக்க வேண்டாமா? பற்பசை போட்டுத் தேய்த்தார், தேய்த்தார், தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குத் தேய்த்தார். பெட்டிகள் வெள்ளை வெளேரென்று ஆயின.

புதன்கிழமை கொண்டுபோனபோது நெற்குப்பையில் பெரிய வீட்டுத் தெருவைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். எதற்கென்று கேட்க அவருக்கு ஏது நேரம்? சுற்றிக்கொண்டு போய் டியூஷன் வராந்தாவில் இறக்கினார்.

காளீஸ்வரி தலையில் கைவைத்துவிட்டாள். "மஞ்சப் பூத்துல்ல இருந்துருக்கும்! அதைப் போயித் தேய்ச்சுட்டீகளே சார்!"

"விடுக்கா, டீத்தண்ணியத் தொட்டுத் தடவுனா வந்துரும்" என்று ஆறுதல் சொன்னாள் குழுவின் செயலாளர் சுபலட்சுமி.

மாதாவே, இதென்ன கூத்து! மரியப்பன் அவசரமாக ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"சத்தமே வரலையே சார்? கர்ருன்னு இரையுமே?"

"அந்த இரைச்சலை நிப்பாட்டத்தானம்மா ரெண்டு நாளா உக்காந்தேன்!"

"அடக் கடவுளே! இனிமே எதையும் ரிப்பேர் பாக்காதீக சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாலுதான் ஓடுது. மிச்சம் ரெண்டையும்..."

"ஓடாட்டியும் பரவாயில்ல. லைட்டு எரிஞ்சாப் போதும்."

ஓடாத கம்ப்யூட்டரில் எந்தப் பிள்ளை எதைப் படிக்கும்? அவருக்கு மண்டை குடைந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லும்மா. கோழி அடைக்கவா?"

"பிள்ளைக படிக்கத்தான் சார். சத்தியமா!"

சுபலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை போட்டோ எடுக்க வந்தவர், முதன்முறையாக டியூஷன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பத்துப் பிள்ளைகள் நாலு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூடக் காணோம்.

பின்வாசலில் ஒரு டெம்போ நின்றது. டீக்கறை பூசிய ஆறு பெட்டிகளையும் டிரைவர் செல்வம் ஏற்றிக்கொண்டிருந்தான். மரியப்பன் ஓடிப்போய் டெம்போவை மறித்தார்.

"இரும்புக் கடைக்கா? அங்க போகக்கூடாதுன்னுதானய்யா எங்க முதலாளிகிட்ட மல்லுக்கட்டுனேன்!"

"ஐயையோ, விக்கல சார்!" என்று ஓடிவந்தாள் காளீஸ்வரி. "சாயங்காலம் திரும்பி வந்துரும்."

"அப்ப அந்த லேப்டாப்பெல்லாம் எங்குட்டிருந்து வந்துச்சு?"

"எங்ககிட்ட முன்னாடியே ரெண்டு பழைய பெட்டி இருக்கு சார். அது சம்பாதிச்சுக் குடுத்தது. சொன்னா நீங்க தரமாட்டீகளோன்னு பயந்துட்டோம்."

"பெட்டி சம்பாதிக்குமா? யார்கிட்டம்மா கதை விடுற?"

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் டெம்போவிலிருந்து குதித்த செல்வம், மரியப்பனை ஏற இறங்கப் பார்த்தான். தொளதொள பேண்ட், சட்டைப்பையில் மூன்று பேனா, பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"அக்கா, ஷூட்டிங்ல கத்துறாக, தொண்ணூத்தெட்டுல நடக்குற ஆபீஸ் சீனாம், பெட்டிகளோட இந்தச் சாரையும் ஏத்திக்கிடவா? மேக்கப்பே தேவைப்படாது!"