கோப்பில் இல்லாத பேரின்பநாயகம்

“நீர் என்ரை மெசினைத் தொட்டனீர். அதுதான் சத்தம் வருகுதில்லை. தூசி தட்டுறன் எண்டு சொல்லி ஏதோ தட்டிப்போட்டீர்.”

இது என் கணவர் பேரின்பநாயகம் திங்கட்கிழமை காலை, பல்லும் தீட்டாமல் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். டிக்டேஷனில் எனக்குப் பிழை வராது.

“தூசித் துணியாலை சத்தம் போகாது. நேற்று அப்கிரேட் செய்தது ஆர்?”

“அது சின்ன அப்கிரேட்.”

“சின்னதுக்குச் சத்தம் போச்சுது. பெரிசுக்கு வீடு போகுமோ?”

“உமக்கு லினக்ஸ் விளங்காது, அம்பிகை.”

விளங்காதாம். ஆறு வருடத்துக்கு முன் இவர் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவின் மகன் ஒரு கொம்பியூட்டரை எறியப் போனான். இவர் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்து, பஸ்ஸில் சீசாவிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை இயக்க லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டார். லினக்சில் நூறு வகை இருக்கிறதாம். சீலைக்கடையில் எல்லாவற்றையும் விரிக்கவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வருகிறோம் என்று பெண்களாகிய எங்களைப் பழிப்பார்கள். இந்த மனிதர் ஆறு வருடமாகக் கடையைவிட்டு வெளியே வரவேயில்லை.

ஒரு அப்கிரேட்டில் படம் பக்கவாட்டில் சாய்ந்தது. தம்பி மகளின் கலியாணத்தைக் கழுத்தைச் சரித்தே பார்த்தோம். மாப்பிள்ளை படுத்துக்கொண்டு தாலி கட்டினார். இன்னொன்றில் அம்புக்குறி காணாமற் போய், எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒரு கிழமை குத்துமதிப்பாக அமத்தினோம்.

இதிலெல்லாம் எனக்கும் பங்கு உண்டு. இவருக்குத் தட்டத் தெரியும், இங்கிலிஷ் தெரியாது. எனக்கு இங்கிலிஷ் தெரியும், தட்ட விடமாட்டார். நான் கதிரைக்குப் பின்னால் நின்று அறிவுறுத்தல்களை உரத்து வாசிப்பேன். இவர் இரண்டு விரலால் கோழி கொத்துகிற மாதிரிக் கொத்துவார். பாஸ்வேர்ட் அடிக்கிற கட்டம் வந்ததும் என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்லுவார். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடிப்பார்.

“நான் ஒருக்கா அமத்திப் பாக்கட்டே?” என்று கேட்டால், “உமக்குப் பெர்மிஷன் இல்லை” என்பார். இருபத்திரண்டு வருடமாகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் வெயிலில் நின்று பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து இத்தாலியில் இருக்கிறேன். என் வீட்டு மேசையில் எனக்குப் பெர்மிஷன் இல்லை.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் கொன்வென்ட்டின் பழைய மாணவிகள் கூட்டம். என்னோடு முப்பத்திமூன்று பேர் உலகமெல்லாம் இருந்து வீடியோவில் வருகிறார்கள். நன்றியுரை நான். இங்கிலிஷில். நாலே காலுக்கு நான் திரையில் இல்லாவிட்டால் அந்த உரையை லண்டனில் இருக்கிற ஜூலி செய்வாள். பேச்சுப்போட்டியில் நான் முதலாம் இடம் எடுத்த நாளிலிருந்து அவள் காத்திருக்கிறாள். என் போனில் கமரா இல்லை, கழுவுந் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. இவருடைய போனுக்குள்ளும் ஏதோ புகுத்தியிருக்கிறார், அதில் கதைக்க மட்டும் ஏலும்.

“இஞ்சருங்கோ, சத்தத்தைத் திருத்தித் தாங்கோ. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் பெரிய அப்கிரேட் ஒண்டும் வேண்டாம்.”

“சத்தியமாத் தொடமாட்டன்.”

சொல்லிவிட்டு மெல்ல வந்தார். “சனிக்கிழமை நீர் கபோச் சந்தைக்குப் போய் ஆறுதலா மீன் பாத்து வாங்கும், என்ன. அவசரப்படாதையும்.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் அவசரப்படாதையும் என்று சொன்னதே இல்லை. குசினிக் கலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை இராகுகாலம் ஒன்பது தொடக்கம் பத்தரை. இவர் அப்கிரேட் தொடங்குமுன் கொம்பியூட்டருக்குத் திருநீறு பூசுகிறவர். இராகுகாலத்தில் எண்டர் அமத்தமாட்டார். ஆகவே பத்து முப்பத்தொன்றுக்குத் தொடங்குவார்.

புதன்கிழமை இவர் வேலைக்குப் போனதும் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. ஆறு வருடமாக நிற்கவைத்திருக்கிறார். பன்னிரண்டு மணி, புதன்கிழமைக்குச் சரியான இராகுகாலம். திருநீறும் இல்லை, தேவாரமும் இல்லை. பாஸ்வேர்டைச் சுவரைப் பார்த்து நினைவுபடுத்தி அடித்தேன். பெரிய அப்கிரேட்டையே தொடங்கினேன். அது கேட்ட கேள்வியை வாசித்தேன், விளங்கியதைச் சொன்னேன், கத்தரிக்காய் பொரித்தேன். பொரிந்து முடிய அதுவும் முடிந்தது. சத்தம் வந்தது. கமராவும் வந்தது. சந்தோசத்தில் குசினிக்கும் மேசைக்கும் இடையில் ஒரு சுற்று ஆடியும் விட்டேன்.

பிறகு கடைசியாக ஒரு சின்ன வேலை. எனக்கென்று ஒரு கணக்குத் திறந்து என்னை நிர்வாகி ஆக்கினேன். நிர்வாகிகள் பட்டியல் இருக்கிற ஃபைலிலிருந்து இவரை எடுத்தேன். இனி அப்கிரேட் மட்டும் இவருக்கு ஏலாது. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு ஆம்பிளைக்கு வேறென்ன வேண்டும்?

“சத்தம் வந்திட்டுது, பாத்தீரோ?” என்றார் பின்னேரம். “நான் திங்கட்கிழமை செய்த வேலை இப்பதான் பிடிச்சிருக்கு.”

“ஓம். உங்கடை கைராசி.”

சனிக்கிழமை கபோவில் சூரைமீன் துண்டு வெட்டுவித்துக்கொண்டு நிற்கிறேன். பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

“இஞ்சரும், ‘இன்சிடென்ட்’ எண்டால் என்ன?”

“சம்பவம். ஏன்?”

“சும்மா. பேப்பரிலை கிடந்தது.”

“இத்தாலிப் பேப்பரிலை இங்கிலிஷோ?”

கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “அட்மினிஸ்ட்ரேட்டர் எண்டால்?”

“முழுக்க வாசியுங்கோ.”

வாசித்தார். எழுத்துக் கூட்டக் கூட்டக் குரல் இறங்கியது. “பேரின்பம் இஸ் நொட் இன் த… அது வாய்க்கு வருகுதில்லை… ஃபைல். அம்பிகை, என்ரை பேர் ஃபைலிலை இல்லையாம்.”

“எந்த ஃபைலிலை?”

“அதைத்தான் உம்மட்டைக் கேக்கிறன். கீழை, திஸ் இன்சிடென்ட் ஹாஸ் பீன் ரிப்போர்ட்டட் டு த அட்மினிஸ்ட்ரேட்டர்.”

“இந்தச் சம்பவம் நிர்வாகிக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.”

“அறிவிச்சாச்சோ?”

“அறிவிச்சாச்சு.”

“குவெஸ்தூராவுக்கோ? பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்து இன்னும் வரேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை, அம்பிகை, ஒரு எண்டர்தான் அமத்தினனான்.”

“சத்தியம் பண்ணினீங்கள் எல்லோ, பிறகேன் அமத்தினீங்கள்?”

“அதைப் பிறகு கதைப்பம். கெதியா வாரும்.”

அவசரப்படாதையும் என்று சொன்னவர் அவர். இன்னொரு கடையில் சிவத்தத் தக்காளி பார்த்தேன்.

வீட்டுக்குள் வந்தால் இருட்டு. யன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. கொம்பியூட்டரின் வயரைப் பிடுங்கி அதன்மேல் தலையணை வைத்திருந்தார். தலைமுழுகி, இஸ்திரி போட்ட சேர்ட்டுடன், மடியில் பெர்மெசோ ஃபைல், பாஸ்போர்ட், வேலைக் கடிதம், எங்கள் கலியாணப் பதிவு எல்லாம் அடுக்கி, சபையில் இருக்கிற மாதிரி இருந்தார்.

“மணி அடிச்சவங்களோ?” என்றார்.

“ஆர்?”

“நிர்வாகி.”

மீன் பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். வயரைச் செருகினேன். என் பெயரில் உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அட்மினிஸ்ட்ரேட்டர்: அம்பிகை. இங்கிலிஷ்தான், ஆனால் அந்தப் பெயருக்கு அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

திரையில் என் பெயரின்மேல் விரலை வைத்தார். “அப்ப அறிவிச்சது…”

“எனக்குத்தான். கிடைச்சுது. கேசை விசாரிக்கிறன்.”

“அப்கிரேட்?”

“புதன்கிழமை முடிஞ்சுது.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னிரண்டுக்கு.”

அதுதான் அவரை ஆகக் கூடுதலாகத் தாக்கியது. கலண்டரைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

நாலு மணி. திரையில் முப்பத்திரண்டு முகம். சத்தம் மணி மாதிரி. ஜூலி முத்துமாலை போட்டு, என் வரவு பிழைத்தால் வாசிக்க ஒரு தாள் தயாராக வைத்திருந்தாள். நான் தாளே பார்க்காமல் ஏழு நிமிடம் பேசினேன். கன்னியாஸ்திரிகள் தொடக்கம் காவற்காரன் வரை ஒருவரையும் விடவில்லை. கை தட்டினார்கள். ஜூலி தாளை நாலாக மடித்தாள்.

“உன்ரை படம்தான் நல்ல தெளிவு,” என்றாள். “ஆர் செற் பண்ணித் தந்தது?”

“நான்தான்.”

அப்போது என் தோளுக்குப் பின்னால் அந்த இஸ்திரி போட்ட சேர்ட் வந்து நின்றது. கமராவைப் பார்த்துக் கை கூப்பியது.

“வணக்கம், அக்காமார், தங்கச்சிமார். நீங்கள் படிச்ச ஆக்கள், நியாயம் தெரிஞ்ச ஆக்கள். என்ரை பேரைத் திரும்ப அந்த ஃபைலிலை போடச் சொல்லி இவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

முப்பத்திரண்டு மைக்கும் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் அணைந்தது ஜூலியுடையது.