யார் பெயரில் ராஜினாமா?

மேனேஜரின் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, கணக்குப் பிரிவு அக்கா முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி படித்தாள். பிறகு நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ஸ்டாட்டிக்! ஓடி வாடா!" என்று கத்தினாள்.

ஸ்டாட்டிக் அந்தக் கிளையின் புரோகிராமர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. விடுப்பு, இடமாற்றம், ராஜினாமா என்று எல்லா விண்ணப்பங்களையும் இணையத்தில் அனுப்ப வழி செய்தவன் அவன்தான். எந்த விண்ணப்பம் வந்தாலும் அதை வாங்கி, சரிபார்த்து, அனுப்பி வைப்பது ஒரே ஒரு துண்டு நிரல். "ஸ்டாட்டிக் மெத்தட்! ஒரு தடவை எழுதினா போதும், ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கலாம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துச் சம்பாதித்த பட்டம் அது.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அனுப்புகிறவரின் பெயரையும் அவன் ஸ்டாட்டிக்காகவே வைத்துவிட்டான். அதாவது, பெயரை வைக்க அலுவலகம் முழுவதற்கும் ஒரே இடம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒருவர் விண்ணப்பம் இன்னொருவர் பெயரில் போய்விடும்.

மேனேஜர் இதைக் கவனித்து அன்பாகத்தான் சொன்னார். "வீட்டுக்கே ஒரே துண்டு மாதிரி இருக்கேப்பா. முன்னாடி துடைச்சவன் ஈரம் அடுத்தவன் மூஞ்சியில. மாத்திடு."

"நாளைக்கு மாத்திடறேன் சார்" என்றான் ஸ்டாட்டிக். அப்படிச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

"நேத்து மத்தியானம் சாரோட வீட்டம்மா சாப்பாடு கொண்டுவந்தாங்க. கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்க" என்றாள் அக்கா. "சாயங்காலம் கிளம்பறப்ப, 'நாளைக்கு நான் வரமாட்டேம்மா'ன்னார். பாவம், லீவு போட்டிருக்கார் மனுஷன். ராஜினாமா எங்கேருந்துடா வந்துச்சு?"

ஸ்டாட்டிக்குக்கு உடனே அந்தப் பழைய வில்லங்கம் ஞாபகம் வந்தது. நேராக ஸ்டோர் கீப்பரிடம் ஓடினான். வாரம் தவறாமல் ராஜினாமா செய்யப்போவதாக மிரட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணே, நேத்து ராஜினாமா ஏதாவது அனுப்பினீங்களா?"

"எழுதறது வழக்கம்தான். அனுப்பினேனான்னு கேட்டா... கோவத்துல இருந்தேன் தம்பி, ஞாபகம் இல்லையே."

ஸ்டாட்டிக்குக்கு அது போதும். இவர் ராஜினாமாதான் மேனேஜர் பெயரில் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். எது எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவைத் திறந்து பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தப்பு தன்னுடையது என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மேனேஜரின் போன் அணைந்து கிடந்தது. மின்னஞ்சலில் இருந்தபடி, ஐந்து மணிக்குள் வாபஸ் வாங்காவிட்டால் ராஜினாமா இறுதியாகிவிடும். பிறகு யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. போகிற இடத்திலெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், ஸ்டாட்டிக்கை உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகூட அலுவலகத்துக்கு வருகிறவர்.

"இந்த வேலை போச்சுன்னா அவர் உசிரே போயிடும்டா" என்றாள் அக்கா.

ஸ்டாட்டிக் கணினி முன் உட்கார்ந்து, மேனேஜர் பெயரில் வாபஸ் விண்ணப்பத்தைத் தட்டி அனுப்பினான். சற்று நேரத்தில் தலைமை அலுவலகம் கூப்பிட்டது.

"என்னப்பா, உங்க மேனேஜர் ராஜினாமாவை வாபஸ் வாங்கிட்டு, அதே மூச்சுல திரும்பவும் ராஜினாமா பண்ணியிருக்காரு? ரொம்ப உறுதியாத்தான் இருக்காரு போல."

ஸ்டோர் கீப்பர் வாசலில் வந்து நின்றார். "என்னையே சந்தேகப்பட்டுக் கேள்வி கேக்கறியா? இப்ப நிஜமாவே அனுப்பிட்டேன், போ!"

"எப்போண்ணே?"

"இப்பத்தான். நீ தட்டிக்கிட்டு இருந்தியே, அப்போ."

ஸ்டாட்டிக் தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு விண்ணப்பமும் வந்தவுடனே பெயரை அழித்துவிடும்படி அவசரமாக ஒரு வரி சேர்த்தான். அழித்தது சரிதான், ஆனால் அனுப்புவதற்கு முன்பே அழித்துவிட்டது. எல்லா விண்ணப்பங்களும் பெயரில்லாமல் போயின. பெயரில்லாமல் வருவதைப் பட்டியலில் முதலில் இருப்பவர் கணக்கில் சேர்ப்பது தலைமை அலுவலகக் கணினியின் வழக்கம்.

மறுபடியும் போன் வந்தது. இந்த முறை குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"முதலாளிக்கு மகப்பேறு விடுப்பு சாங்ஷன் ஆயிருக்குப்பா. எழுபது வயசு. லைன்ல இருக்காரு, நீயே பேசு."

"ஐயையோ, அது நான் இப்பத்தான் அனுப்பினதுடா!" என்று அக்கா அலறினாள். "எனக்கு லீவு இல்லையா அப்போ?"

ஸ்டாட்டிக் போனை வாங்கினான். இனி மறைத்து ஆவதொன்றும் இல்லை என்று ஒரு வருடக் கதையை ஒரே மூச்சில் கொட்டினான்.

"எல்லாம் என் தப்புங்கய்யா. என்னை வேணா இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவர் வேலையை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. அவருக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாதுங்கய்யா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முதலாளியின் முதல் கேள்வி வேறாக இருந்தது.

"எனக்கு எத்தனாவது மாசம்னு போட்டிருக்கு?"

"ஒன்பதுங்கய்யா."

"அப்போ சீக்கிரம் சரி பண்ணு." முதலாளி தொடர்ந்தார். "அவருக்காக இப்படி அழறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னா, அந்த மனுஷனை நான் விடலாமா? வாபஸை அனுப்பு. மூணு வருஷம் சர்வீஸ் நீட்டிப்பும் சேர்த்துத் தர்றேன்."

ஸ்டாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயருக்கென்று இருந்த அந்தப் பொது இடத்தையே எடுத்துப் போட்டான். அவரவர் பெயர் அவரவர் விண்ணப்பத்தோடேயே பயணம் செய்யும்படி மாற்றினான். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை, ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்தது. அக்காவின் விடுப்பு அக்காவிடம் வந்தது. ஸ்டோர் கீப்பர் தன் ராஜினாமாவைத் தன் பெயரிலேயே வாபஸ் வாங்கினார். மணி ஐந்து அடிக்கும் முன்பே மேனேஜரின் வாபஸும் நீட்டிப்பும் உறுதியாகி வந்தன. அக்கா அழுதாள், ஸ்டோர் கீப்பர் தன்னை அறியாமல் கை தட்டினார்.

அப்போது கதவு திறந்தது. மேனேஜர், பின்னால் அவர் மனைவி. மேனேஜரைப் பூப்போட்ட சட்டையில் யாரும் பார்த்ததே இல்லை. மேஜையில் விட்டுப்போன பிளாஸ்கை எடுக்க வந்தாராம். வெளியே காரில் பெட்டிகள் இருந்தன.

ஸ்டாட்டிக் ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "சார், உங்க வேலையைக் காப்பாத்திட்டேன் சார்! இன்னும் மூணு வருஷத்துக்கு உங்களை இங்கேருந்து யாரும் அசைக்க முடியாது!"

மேனேஜர் கைகளை விடுவித்துக்கொண்டார். மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கைப்பையை மேஜைமேல் வைத்தாள். "பத்து வருஷமாக் கெஞ்சி, நேத்து மத்தியானம் இதே மேஜையில அவர் விரலைப் பிடிச்சு அந்த ராஜினாமா பட்டனை அமுக்க வெச்சதே நான்தான் தம்பி."