ஹேமாவதியின் கண்ணாடி அறை

"நீ இல்லாட்டி இந்த செக்ஷன் ஒரு நாள் ஓடுமாம்மா? உன்னைத் தூக்கி அசிஸ்டென்ட் மேனேஜராப் போட்டுட்டா, உன் வேலையை யாரு பாக்கறது?" என்றார் மேனேஜர் ஞானசேகரன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த உதிரிபாகக் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் ஹேமாவதிக்கு இது ஒன்பதாவது வருடம். இந்தப் பதிலுக்கும் ஏறக்குறைய அதே வயது.

மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் அசிஸ்டென்ட் மேனேஜருக்கான சின்னக் கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் நடை தானாகவே தளரும். கதவில் தன் பெயர்ப் பலகை எந்த உயரத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்பதுவரை முடிவு செய்திருந்தாள்.

வேறு ஆள் இல்லை என்பதுதானே தடை? பக்கத்து சீட்டு வினோத்துக்கு மூன்று மாதம் உட்கார்ந்து வேலை முழுவதையும் சொல்லிக்கொடுத்தாள்.

"மூணே மாசத்துல புடிச்சிக்கிட்டானே! கெட்டிக்காரன்!" என்றார் ஞானசேகரன். கண்ணாடி அறை வினோத்துக்குப் போனது.

"தேங்க்ஸ்க்கா. அந்த டெல்லி லோடு மட்டும் நீங்களே பாத்துடுங்க," என்றான் வினோத், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

தன் அருமை புரியட்டும் என்று பத்து நாள் லீவு போட்டாள். திருநின்றவூர் வீட்டில் குக்கர் ஒரு விசில் அடிப்பதற்குள் ஆபீஸிலிருந்து செல்போன் மூன்று முறை அடித்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்ததும் ஞானசேகரன் பூரித்துப்போனார். "ஒரு லோடுகூட நிக்கலம்மா! உனக்கு இனிமே லீவே தேவையில்ல போலிருக்கே!"

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. ஞானசேகரன் பூந்தமல்லி கிளைக்கு ஜெனரல் மேனேஜராகப் போகிறார். வினோத் மேனேஜர். கண்ணாடி அறை மறுபடியும் காலி!

"இனிமே எல்லாம் உனக்கு நல்லதாவே நடக்கும்மா," என்றார் ஞானசேகரன். அன்று ரயிலில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கதவோரம் நின்று, வழி நெடுகத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை புதுப் புடவையில் வந்து இறங்கினாள். வாசலில் ஞானசேகரனின் சாமான்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. கையில் கேட் பாஸோடு நின்ற செக்யூரிட்டி யூசுப் அவளைக் கை நீட்டி மறித்தார்.

"உள்ள எங்க மேடம் போறீங்க? சார் எடுத்துகினு போற சாமான்ல பீரோ ரெண்டு, சுத்துற சேர் ஒண்ணு, ஹேமாவதி ஒண்ணுன்னு எழுதிக்கீது. வண்டில ஏறுங்க."