'ஐயோ'வுக்குக் கீழே பார்க்கவும்

என் மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். அப்பாவும் இந்த நிமிடம்வரை நலம். உங்கள் முழங்கால் வலியையும் மாமாவின் இருமலையும் பற்றி விரிவாக விசாரிக்க ஆசைதான். ஆனால் போர்வைக்குள் ஒளிந்து அம்மாவின் கைபேசியில் எழுதுகிறேன், மூச்சு முட்டுகிறது.

உங்கள் தம்பி, அதாவது என் அப்பா, கடை ரசீது அச்சடிக்க ஒரு நிரல் தொகுப்பு எழுதியிருக்கிறார் அல்லவா? மற்ற நிரலாளர்கள் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கையேடும் உண்டு. எது எப்போது நினைவுக்கு வந்ததோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறார். ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் ஃபோன் வரும். "சார், ரசீது பாதியிலேயே நின்னுடுது!" "கையேட்டுல இருக்கே, பாருங்க." "எங்க சார்?" "அதுலதான் சார்!" உடனே அம்மா, "ஊருக்கெல்லாம் வழி சொல்லுங்க, தட்டுல சாப்பாடு ஆறட்டும்" என்பார். அப்பாவோ, "எவனாவது எது எங்க இருக்குன்னு ஒரு பொருளடைவு போட்டுக் குடுத்தா, அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவேன்" என்பார்.

அந்த எவனாவது நான்தான், அத்தை. கையேட்டில் அப்பா வைத்த தலைப்புகள் அப்பாவுக்கு மட்டுமே புரியும் என்பதால், கூப்பிடுகிறவர்கள் எப்படி அலறுவார்களோ அப்படியே அகரவரிசைப்படுத்தினேன். 'எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது', 'ஒரே ரசீது இரண்டு தடவை', 'பாதியில் நிற்கிறது'. எதிலும் அடங்காதவை எல்லாம் 'ஐயோ'வுக்குக் கீழே. ஒவ்வொன்றையும் தொட்டால் உரிய பக்கம் திறக்கும். திறந்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை. அந்தக் குஷியில் கை சும்மா இருக்காமல், 'கத்தல் — பார்க்க: அப்பா', 'அப்பா — பார்க்க: அம்மா', 'அம்மா — பார்க்க: அத்தை' என்றும் சேர்த்துவிட்டேன். பிறகு அழித்துவிடலாம் என்றுதான் சேமித்தேன். அந்த இடத்தில் எதைச் சேமித்தாலும் தானாகவே எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகிவிடும் என்று, சோம்பேறித்தனத்தால் அப்பா ஏற்பாடு செய்து வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அழிப்பதற்குள் கணினியைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக் காலை ஒரு பெரிய நிறுவனம் இந்தக் கையேட்டைப் பார்த்துத்தான் அப்பாவின் தொகுப்பை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது! இன்று சாப்பாடு முடியும்வரை ஒரு ஃபோன்கூட வரவில்லை, அப்பா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார் என்பதுதான் ஒரே ஆறுதல். 'அத்தை'க்கு எதிரே 'பார்க்க' என்று எதுவுமே இல்லை. எல்லாம் உங்களிடம்தான் வந்து முடிகிறது. விடிந்ததும் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, குழந்தை அறியாமல் செய்துவிட்டாள் என்று அதட்டிச் சொல்லிவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி இன்று அவசரமாகத் தேவைப்படும்,

மருமகள் வாலு

பின்குறிப்பு: அனுப்பப் போகும் நேரத்தில் அப்பாவின் அறையில் ஃபோன் அடித்தது. "கிடைச்சிடுச்சா? எங்க பாத்தீங்க? ... ஐயோவுலயா?" என்றார். பிறகு தட்டச்சும் சத்தம் கேட்டது. பயந்துபோய்ப் பொருளடைவைத் திறந்தேன். அப்பா, அம்மா, நீங்கள் யாருமே அதில் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரே ஒரு வரி: 'போர்வைக்குள் வெளிச்சம் — பார்க்க: தூங்கு, வாலு. காலையில ஐயோவுக்குக் கீழ இன்னும் நாலு சேர்க்கணும்.' நீங்கள் கூப்பிட வேண்டாம், அத்தை. ஆனால் அந்தப் பெரிய நிறுவனம் பார்ப்பதற்குள் இந்த வரியை அழிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொல்வது?